அப்பா எதையும் தூக்கிப்போட விடுவதில்லை. இதற்குச் சிகிச்சை உண்டா?

குடந்தை_மகன் (கேள்வி)

வணக்கம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது. கும்பகோணத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து கலர் டிவி வரை எங்கள் தெருவில் அவர் கை படாத பெட்டி கிடையாது. 2012-இல் கடையைக் காலி செய்யும்படி ஆனது. அங்கிருந்த சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்தது. அம்மா இருந்தவரை அது பின்கட்டைத் தாண்டி வரவில்லை. "இந்த நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்க்ரூ வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார், அப்பாவும் கேட்டுக்கொண்டார். 2020-இல் அம்மா தவறிப்போனார்.

இப்போது ரேழியில் இரண்டு பக்கமும் பேப்பர் கட்டு. ஒருக்களித்துத்தான் உள்ளே போக முடியும். கட்டில் மேல் ஸ்பீக்கர் பெட்டிகள், டேப் ரிக்கார்டர் மூடிகள், பழைய டிவியின் பின்பக்கக் கூடுகள். படுக்க இடமில்லை. இரண்டு வருஷமாகச் சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிறார். மெஸ்ஸிலிருந்து சாம்பார், கூட்டு வரும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி, துடைத்து, அளவு வாரியாக அடுக்கி வைக்கிறார். அந்த அடுக்கு கேஸ் அடுப்பை ஒட்டி என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. அம்மா சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளைக்கூட ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பையில் வைத்திருக்கிறார்.

ஐப்பசி மழையில் பேப்பர் கட்டு ஒன்று சரிந்து அவர் கால் மேல் விழுந்தது. கணுக்கால் வீங்கி இரண்டு வாரம் நடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் எலித் தொல்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். என் மனைவி குழந்தையை அங்கே கூட்டிப்போகவே பயப்படுகிறாள், அவளைக் குறை சொல்ல முடியாது.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். போகிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என் மச்சான் ஒரு யோசனை சொல்கிறார். கண் ஆபரேஷன் என்று சொல்லி அப்பாவைப் பத்து நாள் இங்கே கூட்டி வந்துவிட வேண்டும். அதற்குள் அவர் ஆள் வைத்து, குட்டியானை இரண்டு மூன்று நடை அடித்து, வீட்டைத் துடைத்து வெள்ளையடித்துவிடுவார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. இது வியாதியா, வயசான பிடிவாதமா? மாத்திரை இருக்கிறதா? எந்த டாக்டரிடம் போவது?

சோழமண்டலம்

தம்பி, யோசிக்காமல் மச்சான் சொல்கிறபடி செய்யுங்கள். பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு காலி டப்பாகூட வெளியே போகாது. வீடு பளிச்சென்று இருப்பதைப் பார்த்தால் ஒரு நாள் திட்டுவார், அப்புறம் பழகிவிடும். கேஸ் பக்கத்தில் பிளாஸ்டிக் அடுக்கி வைத்திருக்கிறார் என்கிறீர்கள், நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் அப்பாவின் உயிரை நினைத்துத்தான் சொல்கிறேன்.

மதுரைக்காரி

தம்பி, அந்தக் குட்டியானையை அனுப்பாதீர்கள். நான் அதைச் செய்தவள்.

என் அம்மா தையல்காரர். மதுரை தெற்குவாசல் பக்கம் வீட்டிலேயே முப்பத்தைந்து வருஷம் ஜாக்கெட் தைத்தார். வெட்டுத்துணி, லைனிங் மிச்சம், ஊக்கு, பழைய ஜிப், கழுவிக் காயவைத்த பால் கவர் எல்லாம் சேர்ந்தது. 2016-இல் அம்மா கோயில் கோஷ்டியோடு ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று நாலு நாள் போயிருந்தார். நானும் என் தம்பியும் பழைய பேப்பர் கடைக்காரரை வரச் சொன்னோம். வெட்டுத்துணி மட்டும் 19 மூட்டை. தரையைப் பினாயில் போட்டுக் கழுவினோம், புதுத் திரைச்சீலை போட்டோம். அம்மா வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று உண்மையாகவே நம்பினேன்.

அம்மா வாசற்படியில் நின்றார். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. கத்தவும் இல்லை. நேராகத் தையல் மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். "அந்தப் பச்சைப் பை எங்கடி?" என்றார். அதில் என்ன இருந்தது தெரியுமா? அளவு ஜாக்கெட். ஆண்டுக்கணக்கில் தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போன பெண்களின் அளவு ஜாக்கெட், எழுபது எண்பது இருக்கும். சிலர் ஊரை விட்டே போய்விட்டார்கள், சிலர் உயிரோடு இல்லை. "அடுத்தவங்க பொருளுடி அது. நாளைக்கு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?" எனக்கு அது பழந்துணி. அம்மாவுக்கு அது வாக்கு.

மறுநாள் காலையில் டவுன் பஸ் பிடித்துப் பேப்பர் கடைக்குப் போய்விட்டார். சரக்கு குடோனுக்குப் போயிருந்தது. நாலு நாள் காப்பி தவிர வேறு எதுவும் இறங்கவில்லை. பூட்டை மாற்றினார். எட்டு மாசம் என்னை உள்ளே விடவில்லை. இரண்டே வருஷத்தில் வீடு முன்பைவிட அதிகமாக நிரம்பியது. முன்பு தன் தையலில் மிஞ்சியதை மட்டும் வைத்திருந்தவர், இப்போது மற்ற தையல் கடைகளின் வாசலில் கொட்டிய துணியையும் அள்ளி வர ஆரம்பித்தார். இன்றைக்கும் ஒரு பொருள் காணோம் என்றால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

சிகிச்சைக்கு நாங்கள் வந்தது சுற்றுவழியில். 2019-இல் சர்க்கரைப் புண் காலில் ஆறவில்லை. வீட்டில் கட்டுப் போட யார் இருக்கிறார்கள், உட்காரச் சுத்தமான இடம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது அழுதுவிட்டேன். அவர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மனச்சோர்வு இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் தூக்கம் வந்தது, காரணமில்லாமல் அழுவது நின்றது. மூட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்காக மாத்திரை வீண் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாமல் அம்மா அடுத்த படிக்கு வந்திருக்கவே மாட்டார்.

அடுத்த படி ஒரு உளவியலாளர். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். மூன்று தடவை வீட்டுக்கு வந்தும் ஒரு நூலைக்கூடத் தொடவில்லை. அம்மாவிடம் கைத்தையல் பற்றிக் கேட்டாள், எந்த வயதில் மெஷினில் உட்கார்ந்தார் என்று கேட்டாள். நாலாவது தடவை, "அம்மா, இந்த வீட்டில் உங்களால் இப்போது செய்ய முடியாமல் போன காரியம் எது? எதைத் திரும்பச் செய்ய ஆசை?" என்று கேட்டாள். வீடு சுத்தமாக வேண்டும் என்று அம்மா சொல்லவில்லை. "மெஷின்ல உக்காந்து பேத்திக்குப் பாவாடை சட்டை தைக்கணும்" என்றார். மெஷின் மூட்டைக்கு அடியில் இருந்தது. அதற்கு அப்புறம் எல்லா வேலையும் அந்த மெஷினை நோக்கித்தான்.

ஒரு நாள் வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். பழைய போர்வையை விரித்து ஒரே ஒரு மூட்டையைக் கொட்டினார்கள். ஒவ்வொன்றாக அம்மாதான் எடுக்க வேண்டும். வைக்கிறது, கொடுக்கிறது, போடுறது என்று மூன்று குவியல். முதலில் வந்தது கிளிப்பச்சையில் ஒரு முழத் துண்டு. "இதுபோல இன்னும் எத்தனை இருக்கும்மா? நாளைக்குத் தேவைப்பட்டால் கடையில் கிடைக்குமா? வைத்துக்கொண்டால் எந்த இடத்தில் வைப்பீர்கள்?" அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், யாருடைய கல்யாணத்துக்குத் தைத்தது என்று சொல்கிறார், மடிக்கிறார், பிரிக்கிறார். அந்த ஒரு துண்டுக்குப் பதினொரு நிமிடம் ஆனது. எனக்குக் கை பரபரத்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா, டீ போட்டு எடுத்துட்டு வாங்களேன்" என்றாள். என்னை வெளியே அனுப்பத்தான் என்று புரிந்தது. ஒரு மணி நேரத்தில் ஏழு உருப்படி, அதில் நாலு மூட்டைக்கே திரும்பிப் போனது. மூன்று மாதம் கழித்து அதே ஒரு மணி நேரத்தில் நாற்பது பார்த்தார். முடிவெடுப்பது ஒரு பயிற்சி என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

புதிதாகச் சேர்ந்த அளவு ஜாக்கெட்டும் சில இருந்தன. அதில் ஒன்றைக் கொடுத்தால் மனசு எவ்வளவு கஷ்டப்படும், பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் சொல்லுங்கள் என்றாள். "தொண்ணூறு." சரி, போட வேண்டாம், மகள் வீட்டில் ஒரு வாரம் இருக்கட்டும், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள் என்றாள். அம்மா தன் கணக்கு நோட்டில் எழுதினார்: "தூக்கம் வராது. அந்தம்மா வந்து கேட்பாங்க." முதல் ராத்திரி நிஜமாகவே தூங்கவில்லை. மூன்றாம் நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. யாரும் வந்து கேட்கவில்லை. அடுத்த வாரம் எண் முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறோம்.

வெளியே போய்ச் செய்யும் பயிற்சியும் உண்டு. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளில் துண்டுத்துணி குவித்து வைத்து விற்பார்கள். முதல் தடவை எதிர்ச்சாரியில் நடந்து திரும்பி வந்தோம். அடுத்த தடவை கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றோம். அப்புறம் துணியைக் கையில் எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வந்தோம். அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்த அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிறைவை மறக்க மாட்டேன். உள்ளே வருவது நிற்காமல், வெளியே போவதை மட்டும் கணக்குப் பண்ணிப் பயனில்லை.

கொரோனாவில் நடுவில் தடைப்பட்டு, கொஞ்ச நாள் வீடியோவில் நடந்து, மொத்தம் முப்பது தடவை போல ஆனது. இப்போது மெஷின் இருக்கும் மூலை, கட்டில், குளியலறைக்குப் போகும் வழி மூன்றும் சுத்தம். பேத்தி தீபாவளிக்குப் பாட்டி தைத்த பாவாடை சட்டை போட்டாள். பின்னறை இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

உங்களிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். "குப்பை" என்ற வார்த்தையை அப்பாவிடம் சொல்லாதீர்கள். அவர் என்ன பெயர் சொல்கிறாரோ, பார்ட்ஸ் என்றால் பார்ட்ஸ், அதையே நீங்களும் சொல்லுங்கள். (இதைப் "பதுக்கல்" என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு வலிக்கும். பதுக்கல் என்பது அரிசி மூட்டையை ஒளித்து விலை ஏற்றுகிறவன் செய்வது. இவர்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை.) அப்புறம், அடுப்புப் பக்கத்தை மட்டும் உடனே பேசியாக வேண்டும். அதில் சோழமண்டலம் ஐயா சொன்னது நியாயம். ஆனால் சுத்தம் என்று பேசாமல் ஆபத்து என்று பேசுங்கள். ஷார்ட் சர்க்யூட், தீப்பொறி எல்லாம் உங்களைவிட அவருக்குத் தெரியும். "அப்பா, அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் இருந்தால் பத்திரம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தூக்கிப்போட வேண்டியதில்லை, இடம் மாறினால் போதும்.

குடந்தை_மகன்

அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. மச்சானுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். போன வருஷமே ஒரு தடவை மனநல டாக்டர் பேச்சை எடுத்தேன். "எனக்கென்ன பைத்தியமா? நான் பொணமா ஆனப்புறம் எல்லாத்தையும் எரிச்சுடு" என்று சொல்லிவிட்டு ஒரு மாசம் போனை எடுக்கவில்லை. வர மாட்டேன் என்கிறவரை எப்படிக் கூட்டிப்போவது? அவருக்கு ஞாபக மறதி வியாதி ஆரம்பமோ என்றும் பயமாக இருக்கிறது.

நெல்லை_உளவியலாளர்

நான் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்ல முடியாது, ஆனால் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்லலாம்.

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பொருளை விட முடியாமல் சேர்த்துக்கொண்டே போகும் இந்தக் கோளாறு (ஆங்கிலத்தில் ஹோர்டிங் டிஸார்டர்) பெரும்பாலும் பதின்பருவத்திலேயே சின்னதாகத் தொடங்கி, வயது ஏற ஏற வளரும். கடைச் சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்தது, அம்மாவின் கண்டிப்புதான் எல்லைக்கோடாக இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது அதோடு பொருந்துகிறது. அந்தக் கோடு போனதும், துக்கமும் தனிமையும் சேர்ந்ததும் வேகம் பிடித்திருக்கலாம். இதற்கு மாறாக, அறுபது எழுபது வயதில் திடீரென்று ஆரம்பித்து, எதற்கென்றே சொல்லத் தெரியாமல் தெருவில் கிடப்பதைப் பொறுக்குவது, கூச்சம் போவது, குணம் மாறுவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது என்று இருந்தால், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயையோ பக்கவாதத்தையோ முதலில் பார்க்க வேண்டும். டப்பாவை அளவு வாரியாக அடுக்குகிறவர் என்பது கொஞ்சம் ஆறுதலான செய்தி. இருந்தாலும் நினைவாற்றல் பரிசோதனை, தைராய்டு, பி12 எல்லாம் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கண்ணையும் நிஜமாகவே காட்டுங்கள், பொய்க் காரணமாக அல்ல. ஒருக்களித்து நடக்கும் வீட்டில் கண் மங்கினால் விழுவார்.

வியாதியா பிடிவாதமா என்று கேட்டீர்கள். ரொம்ப காலம் இதை ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளையாகத்தான் வைத்திருந்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்-5 இதைத் தனிக் கோளாறாகப் பிரித்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11-இலும் தனியாகவே இருக்கிறது. இப்படிப் பிரித்ததற்கு ஒரு காரணம், ஓ.சி.டி.க்கு நன்றாக வேலை செய்கிற மருந்தும் பயிற்சியும் இவர்களிடம் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை என்பது. ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெகெட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்கு முன்பே இதற்கென்று ஒரு சி.பி.டி. முறையை, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சையை, உருவாக்கினார்கள். சுமார் 26 அமர்வுகள், சிலவற்றை நோயாளியின் வீட்டிலேயே செய்ய வேண்டும். மதுரைக்காரி அக்கா எழுதியிருக்கும் மூன்று குவியல், ஒரு வாரச் சோதனை, கடைவீதியில் வெறுங்கையோடு திரும்புவது எல்லாம் இந்த முறையின் உறுப்புகள்தான். அவர் சொன்ன முடிவும் உண்மையானது: நல்ல குறைவு வரும், ஆனால் சிகிச்சை முடிந்தபோதும் பெரும்பாலானவர்களிடம் கணிசமாக மிச்சம் இருக்கும். முழுசாகக் காலியாகும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

மாத்திரை: இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றைச் சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், சிலருக்கு உதவியது. மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருப்பது சகஜம், அதற்கு டாக்டர் கொடுப்பார். சாப்பாட்டில் கலந்து தெரியாமல் கொடுக்கலாமா என்று பல குடும்பங்கள் கேட்கும். கூடவே கூடாது. எழுபது வயதில் மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து, தெரியவந்தால் நம்பிக்கை மொத்தமாகப் போகும்.

வர மாட்டேன் என்கிறவருக்கு மனநலம் என்ற வாசல் வேண்டாம். இரண்டு வருஷமாக நாற்காலியில் தூங்குகிறவருக்கு முதுகு வலிக்கும், கால் வீங்கும், தூக்கம் கெட்டிருக்கும். அவருக்கே தொந்தரவாக இருப்பது எது என்று கேட்டு, அந்த வாசலில் போங்கள். "வீட்டைப் பற்றி இன்றைக்கு ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். வாதம் செய்யச் செய்ய அவர் தன் பக்கத்தை இன்னும் உறுதியாகப் பிடிப்பார். அவர் வாயிலிருந்தே "கட்டில்ல காலை நீட்டிப் படுத்து எவ்வளவு நாளாச்சு" என்று ஒரு வரி வந்தால், அதுதான் பிடி. அந்த வரியை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள், அறிவுரை சேர்க்காமல்.

இன்னொரு கருவி உண்டு. அடுப்படி, படுக்கையறை, கூடம் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது படங்கள், வெறும் அறையிலிருந்து கூரை முட்டும் அளவு வரை. எது நம் வீடு போல இருக்கிறது என்று காட்டச் சொல்வோம். நான்காவது படமோ அதற்கு மேலோ என்றால் உதவி வேண்டிய நிலை. மகன் ஏழைக் காட்டுவார், அப்பா மூன்றைக் காட்டுவார். யார் சரி என்று சண்டை போடாமல், இந்த வித்தியாசம் ஏன் என்று பேசத் தொடங்கினாலே பாதித் தூரம் வந்த மாதிரி.

எங்கே போவது: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓ.சி.டி.க்கும் அதோடு சேர்ந்த கோளாறுகளுக்கும் தனிக் கிளினிக் நடக்கிறது. அப்பா வருவதற்கு முன்னால் நீங்கள் மட்டும் பேச வேண்டும் என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், குடும்பத்தாரும் கூப்பிடலாம். தனியாரிடம் போனால் மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், வீட்டுக்கு வருவாரா என்றும் கேளுங்கள். வீட்டைப் பார்க்காமல் அறையில் உட்கார்ந்து மட்டும் இதைச் செய்வது கஷ்டம்.

குடந்தை_மகன்

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன்.

14416-க்கு முதலில் நான் பேசினேன். அப்புறம் போகிக்கு முந்தின நாளே ஊருக்குப் போனேன், லாரி இல்லாமல். அன்றைக்கு முழுக்க வீட்டைப் பற்றிப் பேசவில்லை. போகியன்று காலையில் தெருவில் எல்லோரும் கொளுத்திக்கொண்டிருந்தபோது அப்பா வாசலுக்கே வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு போகிக்கும் அவர் இப்படிப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. "உங்க கையால எடுத்துக் கொடுக்காம ஒண்ணும் வெளில போகாதுப்பா" என்றேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

அடுப்பு விஷயம் அக்கா சொன்ன மாதிரிதான் நடந்தது. எவ்வளவு தூரம் பத்திரம் என்று கேட்டதும் கையால் அளந்து, ரப்பர் டியூப் பழசாகிவிட்டதையும் அவரே கண்டுபிடித்தார். டப்பாக்கள் பின்கட்டுக்குப் போயின. ஒன்றையும் போடவில்லை. ஆனால் அடுப்பைச் சுற்றி மூன்று அடி இப்போது காலி.

டப்பா தூக்கும்போது அந்த மாத்திரை அட்டைப் பை வந்தது. நான் கேட்கவில்லை, அவரே பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் பால்பாயின்ட் பேனாவில் தேதி, காலை, ராத்திரி என்று எழுதியிருந்தது. அம்மாவின் கடைசி ஐந்து மாதம். "ஒரு வேளைகூட தப்பவிடலடா நான்" என்றார். அந்தப் பையை ரப்பர் பேண்ட் போட்டு அவர் சொன்ன இடத்திலேயே வைத்தேன்.

முதுகு வலிக்கும் தூக்கத்துக்கும் டாக்டரைப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார். அங்கே மனசைப் பற்றியும் கேட்பார்கள் என்று சொல்லித்தான் கேட்டேன். "கேக்கட்டும்" என்றார். வியாழக்கிழமை தஞ்சாவூர் போகிறோம். போட்டோ எடுத்துக்கொண்டு போகலாமா?

மதுரைக்காரி

கொண்டுபோங்கள். ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள், எடுத்ததை அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு டாக்டரிடம் காட்டுங்கள். அடுப்பைச் சுற்றி இப்போது இருக்கிற மூன்று அடியையும் ஒரு படம் எடுங்கள், அதை முதலில் காட்டச் சொல்லுங்கள். அங்கே டாக்டர் கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம், அவர் நிதானமாகச் சொல்லட்டும். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், ஓ.பி. சீட்டுக்கு வரிசை இருக்கும். அப்பா நிற்க வேண்டாம், நீங்கள் நில்லுங்கள்.